குடியிருப்புப் பகுதியின் சிறிய சூஷிக் கடையில் சாப்பிடுவது எப்படி

ஜப்பானில் சூஷி சாப்பிடப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் வழிகாட்டுதல்களில் பெரும்பாலானவை இரண்டு கோடிகளைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஒரு கோடியில், மாதக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருந்து, பல்லாயிரம் யென் கொடுத்துச் சாப்பிடும், தோக்கியோவின் கின்சா பகுதியிலுள்ள புகழ்பெற்ற கடைகள் உள்ளன. மறு கோடியில், 1958-இல் ஒசாகா பகுதியில் ஷிராயிஷி யோஷியாகி தொடங்கிவைத்த, தட்டுகள் நகரும் பட்டையில் வலம்வரும் கடைகளின் வழிவந்த பெரிய சங்கிலி உணவகங்கள் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே, ரயில் நிலையத்துக்கும் வீடுகளுக்கும் நடுவிலுள்ள கடைத்தெருவில், ஒரே குடும்பம் நடத்தும், பத்துப் பதினைந்து பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய சூஷிக் கடை ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்தவர் மாலையில் வந்து அமரும் இந்த இடத்தில்தான் சூஷி அன்றாட உணவாக இருப்பதைக் காண முடியும். ஆனால் வெளியூர்க்காரர் இங்கேதான் மிகவும் தயங்குகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, விலைப்பட்டியல் கண்ணில் படாது, கதவைத் திறந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

தயக்கத்துக்கு இன்னொரு காரணம், சூஷி சாப்பிடுவதற்கு எண்ணற்ற விதிகள் உண்டு என்ற எண்ணம். அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்த இடம் மீன் அன்று, சோறு. சூஷிக் கடைக்காரர் வினிகர், உப்பு, பெரும்பாலும் சிறிது சர்க்கரை ஆகியவை கலந்த சோற்றைக் கைச்சூடு அளவுக்கு ஆறவைத்து, பருக்கைகளுக்கு இடையே காற்று நிற்கும்படி இலேசாகப் பிடித்து, அதன்மேல் மீனை வைத்துத் தருகிறார். அந்தச் சூடும் அந்த நெகிழ்வும் சில நிமிடங்களே நிலைக்கும். உடனே சாப்பிட வேண்டும், சோற்றைச் சோயா சாஸில் நனைக்கக் கூடாது, பாதியாகக் கடித்து மீதியைத் தட்டில் வைக்கக் கூடாது என்பன போன்ற அறிவுரைகள் யாவும் அந்தச் சோற்றைக் காப்பதற்காக ஏற்பட்டவையே.

கடைக்குள் நுழையும் முன்

வாசலில் நொரேன் என்னும் துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள்; அது உள்ளே எடுத்து வைக்கப்பட்டிருந்தால், விளக்கு எரிந்தாலும் கடை மூடியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பல கடைகள் நண்பகலில் இரண்டு மணி நேரம் திறந்து, பிறகு மூடி, மாலை ஐந்து மணியளவில் மீண்டும் திறக்கின்றன. தோக்கியோவின் மீன் வரத்துக்கு மையமான தோயோசு சந்தை, பழைய சுகிஜி சந்தைக்குப் பதிலாக 2018 அக்டோபரில் திறக்கப்பட்டது. அது ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல புதன்கிழமைகளிலும் விடுமுறை விடுவதால், அதை நம்பியிருக்கும் கடைகளில் பலவும் அந்த நாட்களில் மூடியிருப்பதுண்டு. இதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போவது வீண் நடையைத் தவிர்க்கும்.

முதல் முறை போகிறவர்கள் நண்பகல் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. மதிய உணவுக்கான நிர்ணயித்த தட்டுகளின் விலையைப் பல கடைகள் வாசற்பலகையிலேயே எழுதி வைத்திருக்கும். சாதாரணக் கடைகளில் அது ஏறத்தாழ 1,000 யென்னிலிருந்து 2,000 யென்னுக்குள் அமையும். அதே கைகள், அதே சோறு, பெரும்பாலும் அதே மீன்; ஆனால் மாலையில் ஆகும் செலவில் ஒரு பங்கே ஆகும். மாலையில் போவதானால், குறிப்பாக வார இறுதியில், இடம் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வது பயன்படும். அந்த நாட்களில் கடைக்காரர் உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்கு மட்டும் சூஷி பிடிப்பதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்கும் சேர்த்துப் பிடிக்கிறார்; அரக்குப் பூசிய வட்டத் தொட்டிகள் மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நிரம்புவதைப் பார்க்கலாம். சாப்பிட்டு முடித்த வீட்டார் தொட்டியைக் கழுவி வாசலில் வைத்துவிட, கடையிலிருந்து ஆள் வந்து எடுத்துப் போவார். உங்கள் தட்டு வரக் கொஞ்சம் தாமதமானால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கதவைத் தள்ளித் திறந்ததும் உள்ளிருந்து உரத்த வரவேற்புக் குரல் எழும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இலேசாகத் தலை அசைத்து, எத்தனை பேர் என்பதை விரல்களால் காட்டினாலே போதும். ஒருவர் என்றால் 'ஹிதோரி தெஸ்', இருவர் என்றால் 'ஃபுதாரி தெஸ்' என்று சொல்லலாம். காலியாக இருக்கும் இடத்தில் நாமாகப் போய் அமராமல், எங்கே என்று அவர்கள் காட்டும்வரை நிற்க வேண்டும். இருக்கைகள் வழக்கமாக மூன்று விதமாக இருக்கும்: கடைக்காரருக்கு எதிரேயுள்ள மேடை, மேசைகள், பாய் விரித்த உயரமான திண்ணை. திண்ணையில் ஏறும்போது காலணியைக் கழற்ற வேண்டும். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் மேடையையே கேளுங்கள். சூஷி பிடித்த கையிலிருந்து உங்கள் வாய்க்கு வந்து சேரும் தூரம் அங்கேதான் மிகக் குறைவு.

மேடையில் அமர்வோர் சில சிறு கவனங்களை மேற்கொள்வது நல்லது. மேடைப் பலகை பல கடைகளில் ஹினோக்கி என்னும் வெளிர்மரத்தாலானது. உலோகக் கைக்கடிகாரமோ மோதிரமோ உரசினால் கீறல் விழும், ஆகவே கைப்பையும் கைபேசியும் அதன்மேல் வேண்டாம். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். ஒரு கையகல இடைவெளியில் அமர்ந்திருக்கும் மற்றொருவரின் மீன் மணத்தையும் கடற்பாசித் தாளின் மணத்தையும் அது கெடுத்துவிடும். ஒளிப்படம் எடுக்க விரும்பினால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தட்டை மட்டும், விரைவாக எடுப்பது நாகரிகம்.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

அமர்ந்தவுடன் ஈரத்துண்டு வரும். அது கைகளைத் துடைப்பதற்கானது. கையாலேயே சூஷி சாப்பிட எண்ணுவோர் அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். தடித்த பெரிய கோப்பையில் சூடான பச்சைத் தேநீரும் வரும். பொதுவாக அதற்குக் கட்டணம் இல்லை, தீர்ந்தால் மீண்டும் ஊற்றுவார்கள். இந்தத் தேநீர் சூடாகவும் துவர்ப்பாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு: கொழுப்பு மிகுந்த மீனுக்குப் பிறகு நாக்கில் படியும் எண்ணெயை அது கழுவி எடுக்கிறது.

உணவைக் கேட்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஒகிமாரி எனப்படும் நிர்ணயித்த தட்டு. இது பெரும்பாலும் நாமி, ஜோ, தொக்குஜோ என்று மூன்று படிகளில் இருக்கும். அதாவது சாதாரணம், உயர்ந்தது, மிக உயர்ந்தது. படி ஏற ஏற மீன் புதிதாகிறது என்று நினைக்க வேண்டாம். விலை மிகுந்த மீன் வகைகள் சேர்கின்றன, அவ்வளவே. நாமியில் சூரை மீனின் சிவந்த சதை, கணவாய், வேகவைத்த இறால், முட்டை, சிறு சுருள்கள் ஆகியவை இருக்கும். தொக்குஜோவில் சூரையின் கொழுத்த வயிற்றுப் பகுதி, கடல் முள்ளெலி, சால்மன் சினை முதலியவை இடம்பெறும். இரண்டாவது, ஒகோனோமி: விருப்பப்பட்டதை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவது. மூன்றாவது, தேர்வை முழுவதும் கடைக்காரரிடம் விட்டுவிடும் ஒமகாசே.

இவற்றுள் எதைத் தேர்வது என்று கேட்டால், முதலில் நடுப்படியான ஜோ தட்டு ஒன்றை வாங்கி, அதைச் சாப்பிட்டு முடித்தபின் பிடித்தவற்றையோ அன்றைக்குச் சிறந்தவற்றையோ இரண்டு மூன்று தனியாகக் கேட்கும்படி பரிந்துரைப்பேன். செலவு கட்டுக்குள் இருக்கும், பசியும் தணிந்திருக்கும், கடைக்காரரின் கை எப்படிப்பட்டது என்றும் அதற்குள் தெரிந்திருக்கும். அதன்பின் 'க்யோ நோ ஒசுசுமே வா?' என்று கேட்டால் போதும். இன்று நன்றாக இருப்பது எது என்ற கேள்வி அது. பெரும்பாலான கடைக்காரர்கள் இந்தக் கேள்வியை மகிழ்ச்சியோடு எதிர்கொள்கிறார்கள். 'எது புதியது?' என்று மட்டும் கேட்காதீர்கள். மற்றவை பழையவை என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

தனித்தனியாகக் கேட்கும்போது விலை பற்றிய அச்சம் எழுவது இயல்பு. பல கடைகளில் மீன்களின் பெயர்கள் சிறு மரப்பலகைகளில் எழுதிச் சுவரில் தொங்கவிடப்பட்டிருக்கும். சிலவற்றின் கீழே விலை இருக்காது. சில பெயர்களுக்கு எதிரே, அன்றைய சந்தை விலை என்று பொருள்படும் ஜிகா என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கும். 'இகுரா தெஸ் கா?' என்று விலையைக் கேட்பதில் இழிவு ஏதும் இல்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள். அதைவிட எளிய வழி, ஒமகாசே கேட்கும்போதே வரம்பைச் சொல்லிவிடுவது. 'கோசென் என் குராய் தே' என்றால் 5,000 யென் அளவில் என்று பொருள். குடியிருப்புப் பகுதிக் கடைக்காரருக்கு இது பழகிய பேச்சு. அந்தத் தொகைக்குள் நிறைவான சாப்பாட்டை அமைத்துத் தருவது தம் கடமை என்றே அவர் எண்ணுவார். ஒரு மீனைக் கேட்டால் வழக்கமாக இரண்டு துண்டுகள் வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பலவற்றைச் சுவைக்க விரும்பினால் ஒவ்வொன்று மட்டும் தர முடியுமா என்று கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள்.

சால்மன் இல்லாத கடையைக் கண்டு வியக்க வேண்டாம். பச்சைச் சால்மனைச் சூஷியில் வைக்கும் வழக்கம் 1980-களில் நார்வே நாட்டு மீன் வணிகத்தின் முயற்சிக்குப் பிறகே ஜப்பானில் பரவியது. பழைய முறையில் பழகிய கடைக்காரர்கள் சிலர் இன்றும் அதை வைப்பதில்லை. அங்கே போய் அதையே வற்புறுத்துவதைவிட, அவர் கைவண்ணம் எதில் தெரிகிறதோ அதைக் கேட்பது மேல்.

அந்தக் கைவண்ணத்தைப் பார்க்க நான் பரிந்துரைப்பது கொஹாதா. மத்தி வகையைச் சேர்ந்த இந்தச் சிறு வெள்ளி மீன் விலை மலிவானது. அதன் முதுகெலும்பை நீக்கி, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்ததுபோல் பிளந்து, உப்புத் தூவி, நீர் கசிந்ததும் கழுவி, பிறகு வினிகரில் ஊறவைக்கிறார்கள். எத்தனை நிமிடம் உப்பில், எத்தனை நிமிடம் வினிகரில் என்பதற்கு நிலையான கணக்கு இல்லை; மீனின் அளவு, அன்றைய கொழுப்பு, வானிலை ஆகியவற்றைப் பார்த்துக் கடைக்காரர் ஒவ்வொரு நாளும் முடிவு செய்கிறார். சற்றுக் கூடினால் சதை விறைத்துப் புளிக்கும். சற்றுக் குறைந்தால் கவிச்சை மிஞ்சும். சரியாக அமைந்த கொஹாதாவில் தோலின் பளபளப்பு குலையாமல், சதை ஈரமாக, புளிப்பும் உப்பும் சோற்றின் புளிப்போடு ஒன்றிப்போகும். கொழுத்த சூரையின் சுவையை விலை கொடுத்தால் எந்தக் கடையிலும் பெறலாம். கொஹாதாவின் சுவை அந்தக் கடைக்காரரின் உழைப்பு மட்டுமே. மென்மையாக வேகவைத்து, இனிப்பும் உப்புமான கெட்டிச் சாறு பூசித் தரும் கடல் விலாங்கும், கடையிலேயே செய்த முட்டையும் இதே வகையைச் சேர்ந்தவை.

இந்த வழக்கங்களின் வேர் 'எதோ' என்று அன்று அழைக்கப்பட்ட நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில் இருக்கிறது. 1820-களில் ஹனாயா யோஹேய் என்பவர், சோற்றைக் கையால் பிடித்து மேலே மீன் வைக்கும் நிகிரி சூஷியைப் பரவலாக்கினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் மீனை உப்பிட்டும், வினிகரில் ஊறவைத்தும், சோயா சாஸில் தோய்த்தும், வேகவைத்தும் காப்பாற்றினார்கள். தெருவோரத் தள்ளுகடையில் நின்றபடி கையால் எடுத்து உண்ட அவசர உணவு அது. அன்றைய துண்டு இன்றையதைவிட நன்கு பெரிது. எனவே சூஷியைக் கையால் சாப்பிடுவது அநாகரிகமோ என்று யாரும் ஐயுற வேண்டியதில்லை.

சாப்பிடும் முறை

மேடையில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, துண்டு உங்கள் முன் வைக்கப்பட்ட உடனே எடுத்துச் சாப்பிட வேண்டும். பேச்சை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் பேச்சு முடியட்டும் என்று சூஷியைக் காக்கவைக்க வேண்டாம். நன்கு பிடித்த துண்டைக் கூர்ந்து பார்த்தால், கீழே வைத்ததும் அது தன் எடையால் மயிரிழை அளவு தாழ்ந்து அமைவதைக் காணலாம். பருக்கைகளுக்கு நடுவில் காற்று இருக்கிறது என்பதன் அடையாளம் அது. அந்தத் துண்டு வாயில் போனதும் சோறு தானாகப் பிரிந்து மீனோடு கலக்கும். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் சோறு ஆறி இறுகி, மீனின் விளிம்பு உலர்ந்திருக்கும். விலை அதேதான், கிடைத்தது வேறு.

கையால் எடுப்பதாயின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பக்கவாட்டில் இலேசாகப் பிடித்து, துண்டைச் சாய்த்து, மீனின் நுனி மட்டும் சோயா சாஸைத் தொடும்படி செய்யுங்கள். சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தால் அது சாஸை உறிஞ்சிக்கொண்டு உப்பு மிகுந்து, கிண்ணத்திலேயே உதிரவும் செய்யும். குச்சிகளால் எடுப்பதாயின் முதலில் துண்டை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, மீனையும் சோற்றையும் சேர்த்துப் பற்ற வேண்டும். மேலிருந்து செங்குத்தாகக் கவ்வினால் பிளந்துவிடும். சோயா சாஸைச் சிறு கிண்ணத்தில் அடி மறையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, வேண்டும்போது மீண்டும் ஊற்றிக்கொள்வது நல்ல வழக்கம்.

கடற்பாசித் தாளைச் சுற்றுச்சுவராக்கி அதனுள் சினையையோ கடல் முள்ளெலியையோ நிரப்பும் குன்கான் வகையைக் கவிழ்த்துத் தோய்க்க முடியாது. 1941-இல் கின்சாவின் கியூபேய் கடையில் தோன்றியதாகச் சொல்லப்படும் இந்த வகைக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது: தட்டிலுள்ள ஊறவைத்த இஞ்சித் துண்டு ஒன்றைச் சோயா சாஸில் தொட்டு, அதைத் தூரிகையாக்கி மேலே தடவிக்கொள்ளலாம். அந்த இஞ்சி சூஷியின்மேல் வைத்துச் சாப்பிடுவதற்கு அன்று. ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைத் தெளிவாக்குவதற்கு.

எல்லாத் துண்டுகளுக்கும் சோயா சாஸ் தேவையில்லை. கடல் விலாங்கின்மேல் பளபளக்கும் கருஞ்சாறு ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும். சில கடைக்காரர்கள் மற்ற மீன்களின் மேலும் காய்ச்சிய சோயாவை மெல்லத் தடவியே தருவார்கள். மேற்பரப்பில் மினுமினுப்பைக் கண்டால் அப்படியே சாப்பிடுங்கள். ஐயமிருந்தால் கிண்ணத்தைச் சுட்டிக் காட்டி முகக்குறிப்பால் கேட்டாலே பதில் கிடைக்கும்.

வசாபி என்னும் காரமான பச்சை விழுது, மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் அளவாக வைக்கப்பட்டே வருவது பொதுவான வழக்கம். காரம் வேண்டாதவர்கள் தொடக்கத்திலேயே 'சாபினுகி' என்று சொல்லிவிட வேண்டும். பெரியவர்களும் கேட்கலாம், அது குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. கூடுதலாக வேண்டுமென்றால், சோயா சாஸில் கரைப்பதைவிட மீனின்மேல் ஒரு துளி வைப்பது நல்லது. கரைத்தால் வசாபியின் மணம் விரைவில் போய்விடும், எல்லா மீனும் ஒரே சுவையாகிவிடும். சாதாரணக் கடையில் கரைத்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், இழப்பு உண்பவருக்குத்தான்.

துண்டை ஒரே வாயில் போட்டுக்கொள்வதற்கே அது அளவிடப்பட்டிருக்கிறது. பெரிதாகத் தோன்றினால் கடிக்க முயன்று திண்டாடுவதைவிட, 'ஷாரி சீசாமே தே' என்று சோற்றைக் குறைத்துப் பிடிக்கச் சொல்வது நல்லது. வயிறு நிறைந்துவிடுமோ என்று அஞ்சி மீனை மட்டும் எடுத்துச் சாப்பிட்டுச் சோற்றை ஒதுக்கிவைப்பதுதான் இந்தக் கடைகளில் உண்மையிலேயே மனத்தைப் புண்படுத்தும் செயல். சோறு வேண்டாதவர், சோறின்றி நறுக்கிய பச்சை மீனான சாஷிமி கேட்கலாம். அது பெரும்பாலான கடைகளில் உண்டு.

நிர்ணயித்த தட்டை வாங்கும்போது எட்டு ஒன்பது துண்டுகள் காலுள்ள சிறு மரப்பலகையில் ஒன்றாக வந்து சேரும். வெண்மையான, மெல்லிய சுவையுடைய மீனில் தொடங்கி, வினிகரில் ஊறியவை, சூரை என்று படிப்படியாகக் கனமானவற்றுக்குச் சென்று, கடல் விலாங்கு, முட்டை, சுருள்கள் ஆகியவற்றோடு முடிப்பது பரவலாகச் சொல்லப்படும் வரிசை. இதில் ஒரு மாற்றத்தை நான் வலியுறுத்துவேன். கடற்பாசித் தாள் சுற்றியவற்றை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எடுத்துவிடுங்கள். சினை கனமான சுவைதான், வரிசைப்படி அது பின்னால் வர வேண்டும். ஆனால் அதுவரை காத்திருந்தால் தாள் ஈரத்தில் நமுத்து, கடித்தால் இழுபடும். மொறுமொறுப்பு இருக்கும்போது அதன் சுவையே தனி. கையில் சுருட்டித் தரும் தெமாக்கிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அதைத் தட்டில் வைக்காமல் கையிலிருந்து கைக்கு வாங்கி, அப்போதே சாப்பிட வேண்டும்.

குச்சிகளைப் பொறுத்தவரை இரண்டை மட்டும் தவிர்த்தால் போதும்: சோற்றில் செங்குத்தாக நடுவதும், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும். இரண்டும் இறுதிச் சடங்கை நினைவூட்டுபவை.

மேடைக்கு அப்பால் நிற்பவரைத் 'தாய்ஷோ' என்று அழைப்பது இத்தகைய கடைகளில் இயல்பான, மரியாதையான விளி. கை வேலையில் இருக்கும்போது கேள்விகளை அடுக்காமல், அவர் நிமிர்ந்து பார்க்கும் நேரத்தில் மீனைப் பற்றியோ பருவத்தைப் பற்றியோ கேட்டால் பேச்சு தானாக வளரும். பருவத்தைப் பற்றிய பேச்சுக்கு இங்கே மதிப்பு அதிகம். குளிர்காலத்தில் கொழுத்த புரி, முன்கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கத்சுவோ, கோடையில் அஜி என்று ஒவ்வொரு மீனுக்கும் ஒரு காலம் உண்டு. கடைக்காரர்கள் தமக்குள் தேநீருக்கும் சோயா சாஸுக்கும் தனிச் சொற்களை வழங்குகிறார்கள். வாடிக்கையாளர் அவற்றைக் கற்று ஒப்பிக்க வேண்டியதில்லை, 'ஓச்சா', 'ஷோயு' என்ற பொதுச் சொற்களே பொருத்தம்.

பச்சை மீனும் உடல்நலமும்

பச்சை மீனில் அனிசாக்கிஸ் என்னும் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். வினிகரோ வசாபியோ சோயா சாஸோ அதைக் கொல்வதில்லை என்று ஜப்பானிய சுகாதார அமைச்சகம் தெளிவாகச் சொல்கிறது. மீனின் உள்ளுறுப்புகளை உடனே நீக்குவதும், கண்ணால் பார்த்து அகற்றுவதும், மைனஸ் 20 பாகை செல்சியசில் 24 மணி நேரம் உறையவைப்பதும், சூடாக்குவதுமே வழிகள். உறையவைத்த மீன் என்றால் தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். ஆழ்கடலில் பிடிக்கும் சூரையில் பெரும்பகுதி கப்பலிலேயே உறையவைக்கப்பட்டு வருவதுதான். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி கண்டால் மருத்துவரிடம் பச்சை மீன் உண்டதைச் சொல்ல வேண்டும். கருவுற்றிருப்பவர்கள் பாதரசத்தின் காரணமாக நீலத்துடுப்புச் சூரை போன்ற பெருமீன்களின் அளவைக் கட்டுப்படுத்துமாறு அதே அமைச்சகம் அறிவுறுத்துகிறது. பச்சை உணவைப் பற்றித் தம் மருத்துவரையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பச்சையாக உண்ண விரும்பாதவர் வேகவைத்த இறால், ஆக்டோபஸ், கடல் விலாங்கு, முட்டை ஆகியவற்றைக் கொண்டே நல்ல தட்டு ஒன்றை அமைத்துக்கொள்ளலாம்.

மீனையே உண்ணாதவர்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சூஷிக் கடையில் அவர்களுக்கான இடம் சிறியது. வெள்ளரிச் சுருளான கப்பாமாக்கி, ஊறவைத்த முள்ளங்கிச் சுருள், உமே என்னும் புளிப்புக் கனியின் சுருள் ஆகியவை கிடைக்கும். முட்டையிலும், கன்ப்யோ என்னும் சுரைக்காய்ப் பட்டைச் சுருளிலும், இனாரி என்னும் பொரித்த சோயாப் பையிலும், மிசோ சூப்பிலும் மீன் சாறான தாஷி கலந்திருப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாது என்பதால் கேட்டுத்தான் அறிய வேண்டும். மதுவைத் தவிர்ப்பவர்கள், காய்ச்சிய சோயாவிலும் விலாங்கின் சாறிலும் மிரின் அல்லது சாக்கே என்னும் அரிசி மது சேர்ந்திருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்களுக்குச் சோயா சாஸே சிக்கல். வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. ஒவ்வாமை இருந்தால் அதை ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைத் தொடக்கத்திலேயே நீட்டுவது, நடுவில் சைகையால் விளக்க முயல்வதைவிடப் பாதுகாப்பானது.

கணக்குத் தீர்ப்பது

முடித்ததும் 'ஓகாய்கேய் ஒனெகாய்ஷிமாஸ்' என்று சொன்னால் கணக்கு வரும். சில கடைகளில் வாசலருகே போய்க் கொடுக்க வேண்டும். ரொக்கம் கையில் இருப்பது அவசியம். அட்டை ஏற்காத சிறு கடைகள் இன்னும் பல உள்ளன. மாலையில் மது கேட்டால், நீங்கள் கேட்காமலேயே சிறு கிண்ணத்தில் ஏதேனும் ஒன்று வந்திருக்கலாம். ஒதோஷி எனப்படும் அதற்குச் சில நூறு யென் கணக்கில் சேர்ந்திருக்கும். இது ஏமாற்று அன்று, நாட்டில் பரவலான வழக்கம். 2019 அக்டோபரிலிருந்து கடையில் அமர்ந்து உண்பதற்கு 10 விழுக்காடும், பொட்டலமாக வாங்கிச் செல்வதற்கு 8 விழுக்காடும் நுகர்வு வரி உண்டு. அன்பளிப்புக் காசு வைக்க வேண்டாம். மறந்து விட்டதாக எண்ணித் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். மதியம் வரிசை நிற்கிறதென்றால், கடைசித் துண்டையும் தேநீரையும் முடித்தவுடன் எழுந்துகொள்வது வெளியே காத்திருப்பவருக்கும் கடைக்காரருக்கும் உதவி.

எழும்போது மேடையை நோக்கி 'கோச்சிசோசாமா தெஷ்தா' என்று சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டேன் என்ற நன்றி அது. கணக்கை வாங்கியவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், கத்தியோடு நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அன்று ஏதேனும் ஒரு மீன் குறிப்பாகப் பிடித்திருந்தால் அதன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்கள் வரும்போது அவர் அதிலிருந்தே பேச்சைத் தொடங்கக் கூடும்.